ஒரு முறை தோற்கலாம்!

உலகக் கிண்ணக் காற்பந்தில் ஆட வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. பட்டணத்துத் தாமான்களிலும் உண்டு. கனவு கண்டு என்ன செய்ய? முதலில் மாநில அணியில் இடம் கிடைக்க வேண்டும். பிறகு தேசிய அணி. அதன் பிறகு நாடே தகுதிச் சுற்றுகளைத் தாண்டியாக வேண்டும். பூப்பந்திலும் இதே கதைதான். "உலக வெற்றியாளர் போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்திருக்கிறேன், கட்டணம் எவ்வளவு?" என்று யாரும் போய்க் கேட்டுவிட முடியாது.

அப்படிக் கேட்கக்கூடிய உலகப் போட்டி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கூடும் 'ஈவோ' என்னும் மின்விளையாட்டுப் போட்டிதான் அது. திரையில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே நின்று குத்தும் உதையுமாக மோதுவார்களே, அந்தச் சண்டை ஆட்டங்களுக்கு இதுவே உலகின் தலையாய போட்டி எனலாம். கட்டணம் கட்டிப் பெயர் பதிந்தவர் எவரும் அதில் ஆடலாம். முந்தைய ஆண்டின் வெற்றியாளரும், நேற்றுவரை வீட்டுக் கூடத்தில் தம்பியோடு ஆடிக்கொண்டிருந்த பையனும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். முதல் நாளிலேயே இருவரும் ஒரே திரைக்கு முன்னால் அருகருகே உட்கார நேர்ந்தாலும் நேரலாம்.

"அப்பா, நான் ஈவோவுக்குப் போகட்டுமா?" என்று மகனோ மகளோ கேட்டால் வீட்டில் என்ன பதில் சொல்வது? "உனக்கு வேறு வேலை வெட்டி இல்லையா?" என்று வாயை அடைத்துவிடுவது எளிது. "போய் ஜெயித்துப் பணத்தோடு வா" என்று கடன் வாங்கி அனுப்பி வைப்பதும் நடக்கக்கூடியதுதான். இந்த இரண்டில் எதைச் செய்வதற்கு முன்னாலும், அங்கே போட்டி எப்படி நடக்கிறது, போகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்து வைத்திருப்பது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

நாற்பது பேரோடு தொடங்கியது

1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் அந்த இயந்திரங்களின் முன்னால் பல நாடுகளிலும் வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். இன்று பிள்ளைகளைக் கண்டிக்கும் அப்பாமார்களிலும் சிலர், அன்று பள்ளி விட்டு வரும் வழியில் பஸ் காசை அந்த இயந்திரத்துக்குள் போட்டுவிட்டு நடந்தே வீடு வந்தவர்களாக இருக்கலாம். அதை அவர்கள் வீட்டில் சொல்வதில்லை, அவ்வளவுதான்!

அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு சூரன் இருப்பான். "எங்கள் ஊர்க்காரனை வெல்ல ஆள் இல்லை" என்பார்கள். உண்மை எது என்று பார்க்க வேண்டுமானால் நேருக்கு நேர் மோதிப் பார்ப்பதுதான் வழி. 1996இல் கலிஃபோர்னியா மாநிலத்துச் சன்னிவேல் நகரில், ஓர் ஆட்டக்கூடத்தில் 40 பேர் கூடி ஒரு போட்டி நடத்தினார்கள். அதற்கு 'பேட்டில் பை த பே' என்று பெயர். டாம் கேனன், டோனி கேனன் என்னும் இரட்டைச் சகோதரர்களும் அவர்களுடைய நண்பர்களும்தான் இதை வளர்த்தவர்கள். 2002இல் அது 'ஈவோ' என்று பெயர் மாறியது. 2004இல் காசு இயந்திரங்களை ஒதுக்கிவிட்டு, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகளுக்கு மாறினார்கள். 2005இல் போட்டி லாஸ் வேகாஸுக்குக் குடிபெயர்ந்தது.

அதன் பிறகு வளர்ச்சி வேகமானது. 2016இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ஆட்டத்துக்கு மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். 2023இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' ஆட்டத்துக்கு வந்து குவிந்த பெயர்கள் 7,000ஐத் தாண்டின. போட்டி பெரிதானபோதும் தொடக்க கால விதி ஒன்றை அவர்கள் கைவிடவில்லை. பெயர் கொடுத்தவர் யாராயினும் ஆடலாம் என்பதே அந்த விதி.

நம் தோட்டத்துத் திடல்களில் எழுவர் காற்பந்துப் போட்டி நடந்ததை நினைத்துப் பாருங்கள். குழுவுக்குப் பெயர் கொடுப்பார்கள், கட்டணம் கட்டுவார்கள், பக்கத்துத் தோட்டத்துக் குழுவோடு மோதுவார்கள். மாவட்ட ஆட்டக்காரர்கள் நிறைந்த குழுவும் வரும். சப்பாத்து இல்லாமல் ஆடும் பையன்களும் வருவார்கள். ஈவோவும் அந்த வகைதான். திடல் மட்டும் மிகப் பெரியது.

பெயர் கொடுப்பது எப்படி?

அண்மை ஆண்டுகளில் ஈவோவுக்கான பதிவு 'ஸ்டார்ட் ஜிஜி' என்ற இணையத்தளத்தின் வழியே நடந்து வந்திருக்கிறது. முதலில் அதில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். நம் எழுத்தாளர்களுக்குப் புனைபெயர் இருப்பது போல, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு விளையாட்டுப் பெயர் உண்டு. போட்டிப் பட்டியலில் வருவதும், அறிவிப்பாளர் கூப்பிடுவதும் அந்தப் பெயர்தான். அதனால் விளையாட்டாக ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் பிறகு வெட்கப்பட வேண்டாம்!

கட்டணம் இரு வகை. ஒன்று, மண்டபத்துக்குள் நுழைவதற்கான கட்டணம். இன்னொன்று, ஆட விரும்பும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே கட்டுவது. ஆட்டக் கட்டணம் 10 டாலர் என்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. நுழைவுக் கட்டணம் அதைவிடப் பல மடங்கு அதிகம். முன்கூட்டியே பதிபவருக்குக் கட்டணம் குறைவு. நாள் நெருங்க நெருங்க ஏறும். வேடிக்கை பார்க்க மட்டும் வருபவர் ஆட்டக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கான விதிகளையும், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான விதிகளையும் ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

பெயர்கள் முழுவதும் சேர்ந்த பிறகு, ஏற்பாட்டாளர்கள் ஆட்டக்காரர்களைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரிப்பார்கள். பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே பிரிவில் மோதி ஒருவரையொருவர் ஒழித்துக்கொள்ளாதபடி, அவர்களைப் பல பிரிவுகளில் பரப்பி வைப்பார்கள். புதிதாகப் போகும் ஒருவர் தம் பிரிவில் ஒரு புகழ்பெற்ற பெயரைக் கண்டால் திகைக்கக் கூடாது. அது ஏற்பாட்டின் விளைவு. யாருடைய சதியும் இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பகுதிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அந்த இணையத்தளத்திலேயே வந்துவிடும்.

அந்த நேரம் மிக முக்கியம். அரங்கில் பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அதிக நேரம் காத்திருக்க மாட்டார்கள். ஆடாமலே தோற்றதாகக் குறித்துவிடுவார்கள். பாதி உலகத்தைச் சுற்றி வந்தவன், விடுதியில் அசந்து தூங்கியதால் ஓர் ஆட்டத்தை இழந்தான் என்றால் அதைவிடக் கொடுமை உண்டா? மலேசியாவிலிருந்து போவோருக்கு அங்கே பகல் இரவாகவும் இரவு பகலாகவும் இருக்கும். இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேருவது புத்திசாலித்தனம்.

கடப்பிதழும் விசாவும்

போட்டிக்குப் பெயர் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவுக்குள் நுழையும் அனுமதி அப்படியல்ல. சிங்கப்பூர்க் குடிமக்கள் விசா விலக்குத் திட்டத்தின் கீழ் இணையத்தில் முன்அனுமதி பெற்றுப் போக முடிந்திருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசாவுக்கு விண்ணப்பித்து, கோலாலம்பூரில் உள்ள தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போக வேண்டியிருந்திருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை. ஆகவே தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு, விசா கைக்கு வந்த பிறகே விமானச் சீட்டு வாங்குவது நல்லது. கோலாலம்பூரிலிருந்து லாஸ் வேகாஸுக்கு நேரடி விமானம் கிடையாது. வழியில் மாறித்தான் போக வேண்டும். போக வர ஆகும் சீட்டுச் செலவே பல ஆயிரம் ரிங்கிட்.

ஆட்டக்காரரின் பையில் இருக்க வேண்டிய முக்கியமான பொருள் ஒன்று உண்டு. அது அவருடைய சொந்தக் கட்டுப்பாட்டுக் கருவி. கேரம் போட்டிக்குப் போகிறவர் தமக்குக் கைவந்த ஸ்டிரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார் அல்லவா? அது போலத்தான். திரையும் பெட்டியும் அங்கே இருக்கும். கையில் பிடித்து ஆடும் கருவியை அவரவரே கொண்டு போக வேண்டும். சிலர் சிறிய கைப்பிடிக் கருவியில் ஆடுவார்கள். சிலர் பழைய காசு இயந்திரத்தில் இருந்ததைப் போலக் குச்சியும் பொத்தான்களும் உள்ள அகலமான பலகையில் ஆடுவார்கள். இன்னும் சிலருடைய பலகையில் குச்சியே இருக்காது, எல்லாம் பொத்தான்கள்தாம்.

இதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. கம்பியில்லாக் கருவியைக் கொண்டு போனவர், ஆடி முடித்ததும் அந்தப் பெட்டியோடு அதற்கு உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டே எழ வேண்டும். மறந்துவிட்டால், அவர் பையில் கிடக்கும் கருவியின் பொத்தான் எங்கேனும் அழுந்தி, அடுத்து ஆடுகிறவர்களின் ஆட்டம் நடுவிலே நின்றுபோகும். ஆட்டத்தின் நடுவே நிறுத்தப் பொத்தானை அழுத்தியவர் அந்தச் சுற்றை இழக்க நேரிடும். இதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திச் சரிபார்த்த பிறகே "தொடங்கலாம்" என்று தலையசைப்பார்கள்.

இரண்டு உயிர்கள்

இனிப் போட்டிக்குள் போவோம். ஈவோவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு உயிர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை தோற்றால் வெளியே போக வேண்டியதில்லை. தோற்றவர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று உண்டு. அதற்கு இறங்கிப் போய்த் தொடர்ந்து ஆடலாம். அங்கேயும் தோற்றால்தான் மூட்டை கட்ட வேண்டும். தோற்றவர் பிரிவிலேயே வென்று வென்று மேலே ஏறினால் இறுதி ஆட்டம் வரைக்கும் வரலாம். அப்படி வந்தவர், ஒரு தோல்வியும் காணாமல் வந்தவரை இரண்டு முறை வீழ்த்த வேண்டும். ஏனென்றால் எதிராளியின் கையில் இன்னும் இரண்டு உயிர்கள் இருக்கின்றனவே!

தொடக்கச் சுற்றுகளில் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவருக்கே வெற்றி. கடைசிக் கட்டத்தில் ஐந்தில் மூன்று. ஓர் ஆட்டத்தில் வென்றவர் அடுத்த ஆட்டத்திலும் அதே பாத்திரத்தை வைத்துத்தான் ஆட வேண்டும். தோற்றவர் வேண்டுமானால் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். தோற்றவருக்குச் சற்றே இடம் கொடுக்கும் மனப்போக்கு அந்த விதியிலும் தெரிகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெற்றியாளர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் இரண்டு முறை தோற்றால்தான் போட்டி முடியும். 7,000 பேர் என்றால் ஏறக்குறைய 14,000 மோதல்கள்! அத்தனையும் மூன்றே நாளில் முடிந்தாக வேண்டும். முதல் சுற்றில் பாதிப் பேர் தோற்பார்கள். தோற்றவர்களுக்குள் மோதும்போது அவர்களிலும் பாதிப் பேர் தோற்பார்கள். ஆக, நான்கில் ஒருவர் ஒரு வெற்றியும் காணாமலே வெளியேறுவார். பல ஆயிரம் மைல் கடந்து வந்து, இரண்டே மோதல் ஆடி, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து போனவர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். போகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆனால் ஈவோவின் வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்ற காட்சி நடந்தது எங்கே தெரியுமா? தோற்றவர் பிரிவில்தான்!

2004இல் கலிஃபோர்னியாவின் பொமோனா நகரத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ஈவோ நடந்தது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' ஆட்டத்தில், தோற்றவர் பிரிவின் இறுதி மோதல். ஒரு பக்கம் ஜப்பானின் டைகோ உமெஹாரா. மறு பக்கம் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங். டைகோவின் பாத்திரத்துக்கு உயிர்க்கோடு மயிரிழை அளவே மிச்சம். அடியைக் கையால் தடுத்தாலும் அதில் கொஞ்சம் உயிர் போகும். அந்தக் கொஞ்சமும் அவரிடம் இல்லை. வோங் 15 உதைகள் கொண்ட தம் பெருந்தாக்குதலைத் தொடுத்தார். ஒவ்வோர் உதையும் வந்து படும் அந்தக் கண நேரத்தில் சரியாகக் கருவியை முன்னோக்கித் தட்டினால் மட்டுமே சேதம் இல்லாமல் தப்பலாம். டைகோ 15 உதைகளையும் ஒன்றுவிடாமல் தட்டிக் கழித்தார். அடுத்த கணமே திருப்பி அடித்து வென்றார். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்தச் சில விநாடிகளின் காட்சியை இன்றுவரை உலகெங்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தில் அவ்வாண்டு பட்டத்தை வென்றவர் டைகோ அல்லர். அடுத்து நடந்த இறுதி மோதலில் கென்ஜி ஒபாடா என்ற இன்னொரு ஜப்பானியர் அவரை வென்றுவிட்டார். பட்டம் ஒருவருக்கு, ஊர் உலகம் நினைவில் வைத்திருக்கும் ஆட்டம் இன்னொருவருக்கு!

சிங்கப்பூரிலிருந்தும் லாகூரிலிருந்தும்

அமெரிக்கரும் ஜப்பானியரும்தான் வெல்வார்கள், நமக்கு எங்கே என்று நினைத்துவிட வேண்டாம். 2013இல் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவில், 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' ஆட்டத்தில் பட்டம் வென்றவர் சிங்கப்பூரைச் சேர்ந்த ஹோ குன் சியான். ஏறக்குறைய 1,600 பேர் கலந்துகொண்ட போட்டி அது. கென் என்ற வயதான சீன வீரரின் பாத்திரத்தை வைத்து ஆடிப் பெயர் எடுத்தவர் அவர். இறுதி மோதலில் அவர் வென்றது ஜப்பானின் டோகிடோவை.

அந்த டோகிடோவைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவர் டோக்கியோ பல்கலைக்கழகப் பட்டதாரி. ஜப்பானில் அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2013இல் சியானிடம் இறுதி மோதலில் தோற்ற அவர், நான்கு ஆண்டு கழித்து 2017இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பட்டத்தை வென்றார்.

பாகிஸ்தானின் லாகூர் நகரத்து அர்ஸ்லான் ஆஷின் கதை இன்னும் சுவையானது. 'டெக்கன்' ஆட்டத்தில் பாகிஸ்தானியரைப் பற்றி வெளியுலகம் அதிகம் அறியாத காலம். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நடந்த 'ஈவோ ஜப்பான்' போட்டிக்கு அவர் புறப்பட்டார். விசாச் சிக்கல், விமானச் சிக்கல் என்று பயணம் பெரும்பாடாகிவிட்டது. அலுத்துக் களைத்துப் போய்ச் சேர்ந்தவர், பட்டத்தை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸிலும் வென்றார். அது ஏதோ அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்வது போல 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் லாஸ் வேகாஸில் 'டெக்கன்' பட்டம் அவருக்கே போனது. அழைப்பிதழ் உள்ளவர் மட்டும் வரலாம் என்ற போட்டியாக இருந்திருந்தால், 2019இல் லாகூருக்கு அழைப்பிதழ் போயிருக்குமா என்பது ஐயமே. பெயர் கொடுத்தவர் எல்லாரும் ஆடலாம் என்ற விதிதான் அவருக்கு வழிவிட்டது.

2023இல் 7,000 பேர் திரண்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' பட்டத்தை வென்ற 'ஆங்ரிபேர்ட்' ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிலிருந்து வந்தவர். 2024இல் அதே பட்டம் 'பங்க்' என்ற பெயரில் ஆடும் அமெரிக்க இளைஞருக்குக் கிடைத்தது. இதே பங்க்தான் 2017இல் இறுதி மோதலில் டோகிடோவிடம் தோற்று மனமுடைந்து நின்றவர். அன்று அவருக்குப் பதினெட்டு வயது. அந்தத் தோல்விக்கும் இந்த வெற்றிக்கும் இடையே ஏழு ஆண்டுகள்.

பெற்றோரின் கேள்விகள்

"லாஸ் வேகாஸ் சூதாட்ட ஊராயிற்றே!" என்று தாய்மார்கள் பயப்படுவது இயல்பு. ஊர் அப்படித்தான். ஹோட்டலுக்குள் கால் வைத்தாலே சூதாட்ட இயந்திரங்கள் கண்ணில் படும். ஆனால் ஈவோவில் கட்டுவது நுழைவுக் கட்டணம். கேரம் போட்டிக்கும் கவிதைப் போட்டிக்கும் கட்டுவதைப் போன்றதுதான். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது ஆடுகிறவரின் பயிற்சியும் நிதானமும். போட்டிக்குப் போன பிள்ளை பக்கத்து மேசைக்குப் போய்ச் சீட்டில் உட்காராமல் இருக்க வேண்டும். அது நாம் கொடுக்கும் வளர்ப்பைப் பொறுத்தது.

"பணம் வருமா?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும்: பெரும்பாலும் வராது. முதல் 8 இடத்தவர்க்கே பரிசு என்பது ஈவோவின் நெடுநாள் வழக்கம். 7,000 பேரில் 8 பேர் என்றால் 875 பேருக்கு ஒருவர். 2010களில் ஆட்டக் கட்டணத்தில் சேர்ந்த தொகையில் 60 விழுக்காடு முதல் இடத்துக்குப் போனது. எட்டாம் இடத்துக்குக் கிடைத்தது 1 விழுக்காடு. விமானச் சீட்டுக்கும் அறை வாடகைக்கும் ஈடாகும் பரிசு சிலருக்குத்தான். வீட்டு நகையை அடகு வைத்து, 'ஜெயித்தால் மீட்டுவிடலாம்' என்று கணக்குப் போட்டால், அப்போதுதான் அது உண்மையிலேயே சூதாட்டமாகிறது.

"வயது வீணாகிறதே" என்பது மூன்றாவது கேள்வி. 2019இல் ஃபிலிப்பைன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2023இல் சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் பதக்கம் உண்டு. அங்கே 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ஆட்டத்தில் தங்கம் வென்ற தென் கொரியர் கிம் குவான்வூவுக்கு அப்போது வயது 44! பிள்ளை பள்ளித் தேர்வை முடித்து, வேலைக்குப் போய், சொந்தச் சம்பாத்தியத்தில் சேர்த்த பணத்தோடு போனாலும் காலம் கடந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? படிப்பை விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

"அப்படியானால் போய் என்னதான் பயன்?" இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. வீட்டிலிருந்து இணையத்தில் ஆடும்போது எதிராளி ஒரு பெயர் மட்டுமே. தோற்றுவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். அங்கே எதிராளி தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பார். பின்னால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். கை வியர்க்கும். பழகிய பொத்தான்கூடத் தடுமாறும். தோற்றால் எழுந்து கைகொடுத்துவிட்டு, முடிவை நடுவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் தோற்றவர் பிரிவில் வேறொருவரோடு மோதத் தயாராக வேண்டும். முதல் தோல்வியின் கசப்பை அந்தப் பத்து நிமிடத்துக்குள் விழுங்கக் கற்றுக்கொள்வது சாதாரணப் பாடமா?

இரண்டாவது உயிரும் போன பிறகும் நாள் முடிந்துவிடுவதில்லை. மண்டபத்தின் ஒரு பக்கத்தில், அவரவர் கொண்டு வந்த பெட்டிகளை வைத்துக்கொண்டு பட்டத்துக்காக அல்லாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். "ஓர் ஆட்டம் போடலாமா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. அங்கே பிரேசில்காரரும் கொரியரும் பிரெஞ்சுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடத்தில் ஏன் தடுக்கவில்லை?" என்று சொல்லிக் கொடுப்பார்கள். காலையில் அரை மணி நேரத்தில் வெளியேறிய பையன் ராத்திரி வரை அங்கே நாற்பது ஆட்டம் ஆடியிருப்பான்.

படிப்படியாகப் போகலாம்

ஆகவே, பிள்ளை கேட்டவுடனே லாஸ் வேகாஸா என்று மலைக்க வேண்டாம். முதல் படி உள்ளூரிலேயே இருக்கிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆட்டக்காரர்கள் கூடிச் சிறு போட்டிகள் நடத்துவதுண்டு. 2010களில் சிங்கப்பூரில் நடந்த 'சீ மேஜர்' போட்டிக்கு வெளிநாட்டு வீரர்களே தேடி வந்தார்கள். இணையத்தில் எவ்வளவு வென்றாலும், இப்படி ஒரு கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து சில போட்டிகளாவது ஆடிப் பார்த்திராதவர் கடல் கடந்து போவதில் பயனில்லை.

அடுத்த படி ஜப்பான். 2018 முதல் 'ஈவோ ஜப்பான்' என்று தனியே ஒரு போட்டி நடத்தி வந்திருக்கிறார்கள். பெயர் கொடுத்தவர் ஆடலாம் என்ற அதே விதி; அதே இரண்டு உயிர்கள். மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் குறுகிய காலப் பயணத்துக்கு ஜப்பான் விசா கேட்பதில்லை. மலேசியரின் கடப்பிதழில் மின்சில்லு இருக்க வேண்டும். தூரமும் செலவும் குறைவு. ஆட்டத்தின் தரமோ சற்றும் குறைவில்லை. அதன் பிறகும் ஆசை தணியாமல், கையில் பணமும் சேர்ந்திருந்தால் லாஸ் வேகாஸை நினைக்கலாம்.

புறப்படும் முன் வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வது நல்லது. செலவில் பாதியையாவது பிள்ளையே சேர்த்திருக்க வேண்டும். தேர்வு நாட்களோடு மோதக் கூடாது. தனியே போகாமல், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய் அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அங்கே அறை வாடகைக்கு மேல் வேறு கட்டணங்களும் சேர்ப்பார்கள். அதையும் கேட்டுக் கணக்கில் வைக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெளியே 40 பாகைக்கு மேல் கொளுத்தும். மண்டபத்துக்குள் குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். விரல் விறைத்தால் ஆட்டம் போச்சு. ஒரு குளிர்ச்சட்டை அவசியம்.

இன்னொரு வேண்டுகோள், இது பெற்றோருக்கு. விமான நிலையத்தில் பிள்ளையைக் கூட்டி வரப் போகும்போது "ஜெயித்தாயா?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். 7,000 பேரில் 6,999 பேருக்கு அதற்குப் பதில் "இல்லை" என்பதுதான். "எத்தனை ஆட்டம் ஆடினாய்? யார் யாரோடு ஆடினாய்?" என்று கேளுங்கள். காரில் வீடு வந்து சேரும் வரைக்கும் அவன் பேசிக்கொண்டே வருவான்.